தோட்டத்து மேடையும் பள்ளி மேடையும்

'இங்கே வா' என்றொரு நூல் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பிலே ஃபெர்குசன் பதிப்பகத்தார் வெளியிட்ட சிறு கையேடு அது. சின்னத்துரைமாரின் சட்டைப்பைக்குள் அடங்கும் தமிழ் வழிகாட்டி என்பது அதன் துணைத் தலைப்பு. பின்னர் 1915இல் வெல்ஸ் என்பார் 'கூலித் தமிழ்' என்ற பெயரில் இன்னொரு கையேட்டை எழுதினார். இலங்கைப் பெருந்தோட்டங்களின் வரலாற்றிலே பேச்சைக் கற்பிப்பதற்கென்று அச்சிட்டு விலைக்கு விற்கப்பட்ட பழைய பாடநூல்கள் இத்தகையவையே. கற்க வேண்டியவர் கப்பலேறி வந்த வெள்ளை இளைஞர். கற்க வேண்டியது ஏவல்.

ஏவலுக்கு ஒரு மொழி இருந்தால், கேட்பவனுக்கும் ஒரு மொழி இருந்தாக வேண்டும். அதற்கு நூல் தேவைப்படவில்லை. விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டுப் பிரட்டுக்களத்தில் வந்து நின்று, பேர் போட்டதும் வேலைக்காட்டுக்குப் போனவர்களுக்கு இரண்டு மூன்று சொற்களே போதுமென்று கருதப்பட்டது. தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக் கொள்வதும் அந்த மொழியின் ஒரு பகுதிதான். அந்த இலக்கணம் எந்தப் பள்ளியிலும் கற்பிக்கப்படாமலே தலைமுறை தலைமுறையாகக் கற்கப்பட்டது. இன்று ஊவா மாகாணத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை மேடைப் பேச்சுப் பழக்கும் நாம், பலகையில் 'பேச்சுத்திறன்' என்று எழுதுமுன் இந்தப் பழைய பாடத்தை நினைத்துக் கொள்ள வேண்டியிருக்கிறது. பிள்ளை மேடையில் நடுங்குவதற்குக் கூச்சம் மட்டுமே காரணமென்று எண்ணிவிட்டால் நாம் வரலாற்றை அறியாதவர்களாவோம்.

தோட்டத்திலே பேச்சுக்குப் படிக்கட்டுகள் இருந்தன. துரை பெரிய கங்காணியிடம் சொன்னார், கங்காணி தம் ஆள்கட்டினரிடம் சொன்னார். ஆள்களின் குறையும் அதே படிகளில் ஏறிச் செல்ல வேண்டும். ஏறும்போது ஒவ்வொரு படியிலும் அதன் உருவம் மாறும். மழையில் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று புறப்பட்ட சொல், பங்களாவை எட்டும்போது 'ஆள்கள் சோம்பல்படுகிறார்கள்' என்று ஆகிவிடுவதற்கு யார் பொறுப்பு? கங்காணிக்குத் துரையிடமும் கணக்கு இருந்தது, ஆள்களிடமும் கணக்கு இருந்தது. கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிக்கலாம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, கங்காணியை விட்டு நேராகப் பேசத் துணிந்தவன் கடனாளியாகவே நின்று பேச வேண்டியிருந்தது. கடனாளியின் பேச்சு எவ்வளவு தூரம் போகும்?

இதனால் அம்மக்கள் ஊமைகளாக இருந்தார்கள் என்று கொண்டுவிடலாகாது. மாசி மாதத்தில் தோட்டந்தோறும் நடந்த காமன் கூத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லார்கள். ரதியும் மதனும் ஒருவரையொருவர் தடுத்தும் மறுத்தும் பேசும் தருக்கத்தை இரவு முழுவதும் கேட்டுக் கொண்டிருந்த கூட்டம் அது. தஞ்சைப் பக்கத்திலே இதே பண்டிகையை ஒட்டி, காமன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் லாவணி பாடி வாதிட்டன. பட்டிமன்றம் என்ற சொல் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதற்கு வெகு காலத்துக்கு முன்பே, எதிர்க்கட்சிக்காரன் சொன்னதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும் வித்தையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இழவு வீட்டிலே ஒப்பாரி வைத்த பெண், இறந்தவனின் பெருமையோடு கங்காணியின் கொடுமையையும் சேர்த்தே சொன்னாள். அழுகைக்குள் அடங்கியதால் அது குற்றமாக எண்ணப்படவில்லை. ஆகவே இல்லாதிருந்தது பேசும் ஆற்றலன்று. அதிகாரத்தின் முகத்துக்கு நேரே நின்று, தன் பெயரில், பகல் வெளிச்சத்தில் பேசும் இடமே இல்லாதிருந்தது.

தமிழிலே பொதுமேடை என்பதே அவ்வளவு பழைமையானதன்று. 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் ஆறுமுக நாவலர் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். பாதிரிமாரின் பிரசங்க முறையைக் கண்டு, அதையே எடுத்துச் சைவத்துக்குப் பயன்படுத்திய செயல் அது. அதே 1840களிலேதான் கோப்பித் தோட்டங்கள் பெருகின. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளையை நோக்கி நடந்த தமிழர் பலர் வழியிலேயே மாண்டனர். ஒரே தீவில், ஒரே மொழி பேசுவோரிடையே, ஒருபுறம் பிரசங்கம் பிறந்தது, மறுபுறம் வழியோரத்துப் புதைகுழி பெருகியது. முன்னதைப் பற்றி நம் பாடநூல்கள் விரிவாகச் சொல்கின்றன. பின்னதையும் சேர்த்துப் படித்தால்தான் மேடை யாருக்குக் கிடைத்தது என்பது விளங்கும்.

மேடை தொழிலாளியிடம் வந்து சேர்வதற்கு மேலும் 60, 70 ஆண்டுகள் சென்றன. 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பேசக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது திரு. வி. கலியாணசுந்தரனார் ஆலைத் தொழிலாளரிடம் தமிழிலே பேசினார். கடலுக்கு இப்பாலுள்ள மலைகளுக்கு அந்தக் காற்றைக் கொண்டு வந்தவர் தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர்.

நடேசய்யரின் வாழ்க்கையில் நம் மாணவர் மிகவும் விரும்பிக் கேட்கும் பகுதி அவர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து பார்த்த கதை. பிள்ளைகளுக்கு அது துப்பறியும் கதையாகத் தோன்றுகிறது. ஆனால் ஏன் வேடமிட வேண்டியிருந்தது என்று கேட்டால் வகுப்பு சிறிது நேரம் மௌனமாகி விடுகிறது. தோட்டம் தனியார் நிலம். அனுமதியின்றி நுழைவது அத்துமீறிய குற்றம். ஆயிரக்கணக்கானோர் பிறந்து, மணந்து, மடியும் ஊர் ஒன்றுக்குள், அவர்களோடு பேச விரும்பும் ஒருவர் திருடனைப் போலவே செல்ல வேண்டும். புடவை விற்பவன் போகலாம். பேசுகிறவன் போகக் கூடாது.

1920இல் இலங்கையில் நிலைகொண்ட நடேசய்யர் பத்திரிகை நடத்தினார், சட்டசபைக்குச் சென்றார், 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் நடத்திய பத்திரிகைகளை வாசிக்கத் தெரிந்தவர் லயத்துக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். எனவே மேடைதான் அவருடைய உண்மையான பத்திரிகை. தோட்டத்துக்குள் நுழைய முடியாதபடியால் அந்த மேடை தோட்டத்துக்கு வெளியே, கடைத்தெருவிலும் சாலையோரத்திலும் எழுந்தது. சம்பள நாளிலும் சந்தை நாளிலும் நகரத்துக்கு இறங்கும் மக்கள் அங்கே நின்று கேட்டார்கள். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாரதியின் பாடல்களையும் தாமே இயற்றிய பாடல்களையும் கூட்டங்களிலே பாடினார். 1940இல் அவர் பாடல்கள் நூலாகவும் வந்தன. இந்த அம்மையாரைப் பற்றிப் பேசுவோர் அவர் பாடிக் கூட்டம் சேர்த்தார் என்பதோடு நிறுத்திக் கொள்கிறார்கள். அது போதாது. எழுத்தறியாத மக்கள் கேட்டதை மனத்தில் வைத்து, மலையேறித் திரும்பி, மற்றவருக்குச் சொல்ல வேண்டுமானால் சொல்லுக்குத் தாளம் வேண்டும். உரை கூட்டத்தோடு கலைந்துவிடும், பாட்டு லயத்துக்குப் போய்ச் சேரும். ஒப்பாரியும் தாலாட்டும் பாடிப் பழகிய பெண்களின் நடுவே ஒரு பெண் நின்று கூலியையும் சட்டத்தையும் பற்றிப் பாடியது, தமிழ் மேடையின் வரலாற்றில் தனி அத்தியாயமாக எழுதப்பட வேண்டியது. பேச்சுப் போட்டிக்கு நாம் பெண் பிள்ளைகளைத் தேர்ந்து நிறுத்தும்போது, அவர்களுக்கு முன்னோடியாக ஒளவையாரைச் சொல்கிறோமே, இவரைச் சொல்கிறோமா?

1924இல் பதுளைவரை புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது. கொழுந்துப் பெட்டிகளை இறக்கிச் செல்வதற்காக வந்த பாதையில் பேச்சாளர்களும் வந்தார்கள். 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கை வந்தபோது பதுளையிலும் பேசினார். 1937இல் மடுல்கெலைப் பக்கத்து ரெலுகஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்து வெளியேறிய பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞர், ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். அவரை நாடு கடத்தும் தேசாதிபதியின் ஆணை அதே மாதம் 22ஆம் நாள் அவரிடம் சேர்ப்பிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் அவ்வாணையை ஏற்கவில்லை என்பது வேறு விடயம். ஒரு மாலை நேரத்துப் பேச்சுக்கு மூன்று வாரத்துக்குள் நாடுகடத்தல் என்றால், தோட்ட முதலாளிகள் பேச்சின் பெறுமதியைத் தமிழாசிரியர்களாகிய நம்மைவிட நன்கு அறிந்திருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

இனி ஊவாவின் 1940ஆம் ஆண்டுக்கு வருவோம். நம் மாணவர் கட்டாயம் அறிய வேண்டிய ஆண்டு அது. பாடநூலில் தேடினால் கிடைப்பது அரிது.

அவ்வாண்டு ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். அதன் பின் வேலைநிறுத்த அலை மலையைச் சுற்றிக் கொண்டு ஊவாவுக்குள் இறங்கியது. மே 12ஆம் நாள் லங்கா சமசமாஜக் கட்சியைச் சேர்ந்த என். எம். பெரேரா பதுளையில் பெருங்கூட்டம் ஒன்றில் பேசினார். பொலிசாரால் ஒன்றும் செய்ய இயலவில்லை. பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்திலோ அதற்கும் ஒரு படி மேலே சென்றார்கள். தொழிலாளர் தங்களுக்குள் வாக்களித்து ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அந்தச் சபையைக் கலந்து கொண்டு காரியங்களை நடத்துவதாகத் தோட்டத்துரை ஒப்புக் கொண்டார். ஒழுங்கை நிலைநாட்ட அனுப்பப்பட்ட ஆயுதப் பொலிசாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்து விட்டனர் என்பதும் வரலாறு. பின்னர் அடக்குமுறை கட்டவிழ்ந்தது. பெருமழையும் வெள்ளமும் சேர்ந்து ஊவாவை ஒரு வாரத்துக்கும் மேலாக வெளியுலகிலிருந்து துண்டித்துவிட, அந்தத் தனிமையில் போராட்டம் ஒடுக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் கட்சித் தலைவர்களும் சிறைப்பட்டனர்.

வெவெஸ்ஸ நிகழ்ச்சியில் துப்பாக்கிகள் பறிக்கப்பட்டதையே வியப்போடு சொல்வது வழக்கம். நமக்கோ அந்தச் சபைதான் வியப்பளிக்கிறது. பதுளை மேடையில் நின்று ஒருவர் பேச, ஆயிரம் பேர் கேட்டது பெரிய காரியமே. எனினும் பேசியவர் புகையிரதமேறிப் போய்விடுவார். தோட்டத்துச் சபையில் பேசியவர் யார்? பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவர். அவர் துரையிடம் சென்று பேசுகிறார், பேசிவிட்டு அதே லயத்துக்குத் திரும்புகிறார், என்ன பேசினாய் என்ன பதில் வந்தது என்று கேட்போருக்குக் கணக்குச் சொல்கிறார். சரியாகச் செய்யாவிட்டால் வேறொருவரை அனுப்புவார்கள். கங்காணி ஆள்களின் வாயாக இருந்தார். ஆனால் அந்த வாயை ஆள்கள் தெரிந்தெடுக்கவில்லை, மாற்றவும் முடியாது. 'இங்கே வா' என்ற கையேட்டின் நாட்டிலே, 'போய்ப் பேசிவிட்டு வந்து சொல்' என்று தொழிலாளர் தம்முள் ஒருவருக்குக் கட்டளையிட்டார்கள். சில நாள்களே நீடித்தாலும் அது நடந்தது.

அதன் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. இரு உறுப்பினர்க்குரிய பதுளைத் தொகுதியில் காங்கிரசின் எஸ். எம். சுப்பையாவும் சமசமாஜக் கட்சியின் ஜே. சி. டி. கொத்தலாவலையும் தெரிவாயினர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்தன. தமிழிலே வாக்கு என்றால் சொல், வாக்கு என்றால் தேர்தலில் இடும் வாக்கும்தான். பின்னது போனதும் முன்னதன் பெறுமதியும் குன்றியது. வாக்கில்லாதவன் பேச்சைக் கேட்பதற்கு அரசியல்வாதிக்கு என்ன அவசரம்? 1964இல் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமென்று பங்கிட்டது. எந்தப் பிரட்டுக்களத்திலும் எவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. எஞ்சியிருந்த நாடற்றவர் நிலை சட்டப்படி நீங்குவதற்கு 2003வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பள்ளிக்கூடம் இந்த வரலாற்றில் எங்கே நின்றது? தோட்டத்துக்கு வெளியே அன்று. உள்ளேதான், துரையின் நிலத்தில். 1907ஆம் ஆண்டுச் சட்டம் 6 வயது முதல் 10 வயதுவரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட அதிகாரியிடம் விட்டது, 1920ஆம் ஆண்டுச் சட்டம் அதை மேலும் வற்புறுத்தியது. 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கொழுந்துக் கூடை காத்திருந்தது. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிகள் அதன் ஓரத்திலேயே நின்றன. அவை அரசின் கைக்கு வந்தது மிகப் பிந்தியே. அதுவரை ஒற்றை அறை, ஒற்றை ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஆசிரியரின் சம்பளமும் வீடும் தோட்டத்துக் கணக்கில். அப்படிப்பட்ட ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கக் கற்பித்திருக்க முடியுமா என்று இன்று நாம் எளிதாகக் கேட்டுவிடலாம். பல இடங்களில் அவர்களே இரவுப் பள்ளி நடத்தினார்கள், நாடகம் போட்டார்கள், கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். ஊவாவின் தோட்டமொன்றில் பிறந்து ஆசிரியத் தொழில் பார்த்த தெளிவத்தை ஜோசப் இலக்கியத்துக்கு வந்தது இந்த மண்ணிலிருந்தே. 1960களில் அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம், எஸ். திருச்செந்தூரன் ஆகிய ஆசிரியர்கள் மேடையேறிப் பேசிய பேச்சுகள் ஒரு தலைமுறை இளைஞரை 'மலையகத்தவர்' என்று தம்மைச் சொல்லிக் கொள்ளத் தூண்டின. வகுப்பறையும் மேடையும் ஒன்றையொன்று தொட்ட அரிய காலம் அது.

அக்காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த அடுக்குமொழி நடையும் தோட்டங்களைப் பற்றிக் கொண்டது. நாம் அதை ஏளனம் செய்பவரல்லோம். கூலி என்றே அழைக்கப்பட்ட மக்களுக்குத் தம் மொழி இவ்வளவு கம்பீரமானதா என்ற வியப்பை அது தந்தது. ஆனால் மேடையிலிருந்து அது பள்ளிக்குள் வந்தபோது வியப்புக் கழன்று, அடுக்கு மட்டும் தங்கிவிட்டது.

தமிழ்மொழித் தினப் போட்டிகள் நெருங்கும் மாதங்களில் பதுளை, பசறை, பண்டாரவளை என எங்கும் பள்ளிகளில் நடப்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். தலைப்பு வருகிறது. ஆசிரியர் எழுதுகிறார். பிள்ளை மனனம் செய்கிறது. எங்கே கையை உயர்த்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்பதும் எழுதியே கொடுக்கப்படும். நடுவர்கள் உச்சரிப்புக்கும் தொனிக்கும் புள்ளியிடுகிறார்கள். பிள்ளை இறங்கி வந்ததும், 'நீ சொன்ன அந்த வரிக்கு என்ன பொருள்?' என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஆசிரியருக்குத்தான் சங்கடம்.

பிறரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மலையகத் தமிழரின் 200 ஆண்டு நிறைவு 2023இல் நினைவுகூரப்பட்டபோது, நம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அத்தலைப்பில் பேச்செழுதிக் கொடுத்தவர் நாமே. வியர்வையை உரமாக்கினோம், குருதியை நீராக்கினோம் என்ற வகையிலான பேச்சு. பாதியில் அவளுக்கு வரி மறந்துவிட்டது. தொடக்கத்திலிருந்து மறுபடி சொல்லிப் பார்த்தாள். அதே இடத்தில் மறுபடியும் நின்றாள். மேடையிலிருந்து இறங்கி அழுதாள். நாம் அவளைத் தேற்றினோம். நம்மை யார் தேற்றுவது? அவளுடைய பாட்டி கொழுந்தெடுத்தவள், தாய் கொழுந்தெடுப்பவள். அந்த வாழ்க்கையைப் பற்றி அவளுக்கு நாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சில வாரங்களின் பின் வகுப்பில் வேறொரு சந்தர்ப்பத்தில், கொழுந்து எப்படி நிறுக்கப்படுகிறது என்று ஒரு கேள்வி எழுந்தது. நகரத்துப் பிள்ளை ஒருவன் கேட்டான். அவள் எழுந்தாள். நாளைக்கு மூன்று முறை நிறுப்பதையும், ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் கழிப்பதையும், குறித்த அளவு எடுக்காவிட்டால் அரைப்பேர் விழுவதையும், மழை நாளில் அந்தக் கழிவு எவ்வாறு கூடுகிறது என்பதையும் அவள் விளக்கினாள். 'ஒரு நாளைக்கு ஒரு கிலோ கூடக் கழிச்சா, மாசத்துக்கு எவ்வளவுன்னு நீயே பாரு' என்று கேள்வி கேட்டவனிடமே கணக்கைத் திருப்பிவிட்டாள். வணக்கமும் இல்லை, அடுக்குமொழியும் இல்லை. வரி மறக்க வாய்ப்பும் இல்லை. ஏனெனில் அவள் வரியைப் பேசவில்லை. பத்து நிமிடம் வகுப்பு அசையாமல் கேட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் நாம் மகிழ்ச்சியோடு ஒரு கட்டுரை எழுதி முடித்திருக்கலாம். மறுநாட் காலையில் அவளுடைய தாய் வேலைக்குப் போகாமல் பள்ளி வாசலில் வந்து நின்றார். வீட்டிலே பிள்ளை பெருமையாகச் சொல்லியிருக்கிறது. 'சேர், புள்ளையப் பேச வைங்க, நான் வேணாங்கல. தோட்டத்துப் பேரச் சொல்லாமப் பேசச் சொல்லுங்க' என்றார். அவ்வளவுதான். அவர் நம்மைக் கடிந்து கொள்ளவுமில்லை. குடியிருக்கும் லயம் தோட்டத்துடையது. கோழிக்கூடு வைத்த இடமும் தோட்டத்துடையது. பேசிய பேச்சுக்கு மாலையில் வீடு திரும்பிப் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளையும் தாயும்தான், ஆசிரியரல்லர். பேச்சுத்திறனைப் பற்றிய நூல்கள் அச்சத்தை நீக்கும் வழிகளாக மூச்சுப் பயிற்சியையும் கண்ணாடி முன் நிற்பதையும் கூறுகின்றன. இந்த அச்சத்துக்கு மூச்சுப் பயிற்சி எதைச் செய்யும்?

அந்தத் தாய் கூறியதை நாம் பாடமாகவே எடுத்துக் கொண்டோம். எதைச் சொல்வது, எதை யாரிடம் சொல்வது, எந்தப் பெயரை எப்போது சொல்லாமல் விடுவது என்பதும் பேச்சுக்கலைதான். துணிந்து பேசு என்று பிள்ளையைத் தனியே முன்னுக்குத் தள்ளுவது எளிது. தனியே நின்றவனைத் தனியே பிடிப்பதும் எளிது. வெவெஸ்ஸ தொழிலாளர் தனியாள் ஒருவனைத் துணியச் சொல்லவில்லை, சபை அமைத்தார்கள். இந்த எண்ணத்தோடு வகுப்பில் ஒரு பயிற்சியைத் தொடங்கினோம். வகுப்பை மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று தோட்டத்துப் பிரிவுகளைப் போலவே பிரித்தோம். ஒவ்வொரு கணக்கும் தங்கள் குறையைக் கூடிப் பேசி, ஒருவரைத் தெரிந்தெடுத்து ஆசிரியர் மேசைக்கு அனுப்ப வேண்டும். மேசையில் இருக்கும் நாம் அதிகாரி. வந்தவர் குறையைச் சொல்லி, பதிலைக் கேட்டு, திரும்பிப் போய்த் தம் கணக்கினருக்கு ஒப்புவிக்க வேண்டும். கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, மாலை பஸ் பள்ளி வாசலில் நிற்பதில்லை என்பன போன்ற பள்ளிக் குறைகளே பேசுபொருள்.

மேசைக்கு வந்து பேசுவதைப் பிள்ளைகள் விரைவில் கற்றுக் கொண்டார்கள். திரும்பிச் சென்று சொல்வதிலேதான் தடுமாறினார்கள். முதல் முறை வந்த மாணவனிடம் நாம் 'பார்ப்போம்' என்று மட்டும் சொன்னோம். அவன் திரும்பிப் போய், 'சரின்னு சொல்லிட்டாரு' என்றான். அவன் கணக்கினர் கைதட்டினார்கள். பொய் சொல்ல வேண்டுமென்ற எண்ணம் அவனுக்கு இல்லை. தன்னை நம்பி அனுப்பியவர்களுக்கு வெறுங்கையோடு திரும்ப மனம் வரவில்லை. 'பார்ப்போம்' என்பதற்கும் 'சரி' என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை விளக்க நமக்கு ஒரு பாடவேளை முழுவதும் தேவைப்பட்டது. தோட்டத் தலைவர்களும் தொழிற்சங்கத்தாரும் எத்தனை முறை இந்தத் தூரத்திலே தடுக்கி விழுந்திருப்பார்கள் என்று நாம் எண்ணிக் கொண்டோம், வகுப்பில் சொல்லவில்லை. அடுத்த முறை சென்ற மாணவி, 'எப்ப பார்ப்பீங்க சேர்?' என்று கேட்டுவிட்டுத்தான் மேசையை விட்டு நகர்ந்தாள். அவளிடம் நமக்கும் விடை இல்லை. 'புதன்கிழமை' என்றோம். புதன்கிழமை அவள் வந்தாள்.

இதே பயிற்சியை இரண்டு வாக்கியமளவிலேனும் சிங்களத்திலும் செய்து பார்க்கிறோம். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் சட்டப்படி இருமொழி நிர்வாகப் பிரிவுகள்தாம். எனினும் கரும பீடத்துக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் எந்த மொழியில் நிமிர்ந்து பார்ப்பார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். தாயின் சார்பில் பத்திரத்தை நீட்டிப் பேசுகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே.

இவையெல்லாம் சிறு பிள்ளைகளின் விளையாட்டு என்று சில நண்பர்கள் கருதுகிறார்கள். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையில், இதே மாவட்டத்துக் கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களின் மேல் மலை சரிந்தது. அன்று பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை மேலிருந்து கீழே வந்து சேர்ந்தது. 'நாங்கள் எங்கே போவது?' என்ற கேள்வி கீழிருந்து மேலே போய்ச் சேர்ந்ததா, சேர்ந்திருந்தால் யாருடைய மேசையில் 'பார்ப்போம்' என்ற பதிலோடு கிடந்தது, அதைத் திரும்பக் கேட்க ஒரு புதன்கிழமை குறிக்கப்பட்டிருந்ததா? பேச்சுக் கற்பித்து மலைச்சரிவைத் தடுத்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் பேச்சுத்திறன் என்பது வெற்றிக் கேடயத்துக்குரிய பொருள் மட்டுமன்று என்பதை அந்த மண்மேடு தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்வாண்டும் போட்டித் தலைப்புகள் வந்தன. எட்டாம் வகுப்பில் அழுத அந்த மாணவி இப்போது மேல் வகுப்பில் படிக்கிறாள். போட்டிக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. தவணை முடிவில் கீழ் வகுப்பினர் கூடியிருந்த மண்டபத்தில் பேசுமாறு கேட்டோம். கொழுந்து நிறுவையைப் பற்றியே பேசுவதாகச் சொன்னாள். தாயிடம் கேட்டுக் கொண்டு வந்திருந்தாள். 'ஒரு தோட்டத்தில்' என்று தொடங்கினாள். பின்வரிசையிலிருந்து ஒரு பயல் அந்தத் தோட்டத்தின் பெயரை உரக்கச் சொன்னான். மண்டபம் சிரித்தது. அவள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு, 'ஒரு தோட்டத்தில்' என்று மறுபடியும் சொல்லி, காலை நிறுவையிலிருந்து கணக்கைத் தொடங்கினாள்.